ஓப்ரிஞாக்கின் ஐந்து தொப்பிகள்

உலகத்து நகரங்கள் மூன்று வகைப்படும்: எதிரியை வென்ற நகரங்கள், எதிரியிடம் தோற்ற நகரங்கள், ஓப்ரிஞாக். முதல் வகைக்கு வெற்றித்தூண் உண்டு. இரண்டாம் வகைக்கு ஒப்பாரி உண்டு. மூன்றாம் வகையான எங்கள் பிரெஞ்சு ஊருக்கு இரண்டும் கிடையாது. மாறாக, ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு பொட்டுக் கறைகூடப் படாத மனசாட்சி உண்டு.

இத்தனைக்கும் எங்கள் ஊருக்குள் நுழையாத படையே இல்லை. ரோமானியன் நுழைந்தான். இங்கிலீஷ்காரன் நுழைந்தான். மதச்சண்டைக் காலத்தில் இரு தரப்பும் முறை வைத்துக்கொண்டு நுழைந்தன. பாரிஸிலிருந்து புரட்சி நுழைந்தது. பிறகு அதே இங்கிலீஷ்காரன், நானூறு வருடம் கழித்து, மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தவன்போல மறுபடியும் நுழைந்தான். ஆனாலும் ஊர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு துரோகி கோட்டைவாசலைத் திறந்துவிட்டான், அவ்வளவுதான் நடந்தது.

ஒரு துரோகி. ஒரே ஒருவன். மற்ற அத்தனை பேரும் கடைசி மூச்சுவரை போரிடுவதற்குத் தயாராக இருந்தார்கள். வாசல் திறந்துவிட்டதால் அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இந்த மகத்தான வரலாற்றை ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் ஞாயிறு, மதிய உணவில் தின்ற வாத்துக்கறி செரித்து முடிந்த பிறகு, கோட்டைவாசல் சதுக்கத்தில் நாங்களே நடித்து நாங்களே பார்ப்போம். 'நூற்றாண்டுகளின் ஊடே ஓப்ரிஞாக்' என்பது நிகழ்ச்சியின் பெயர். வேடங்கள் பரம்பரைச் சொத்து. பன்றிக்கறிக் கடை லுபேன் தார்தினோவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இங்கிலீஷ்காரர்கள். தபால்காரர் குடும்பம் பிணம். வெயிலில் இரண்டு மணி நேரம் அசையாமல் கிடப்பதற்கு அவர்களிடம் தனி ரத்தம் ஓடுகிறது. மேயர் ஓதிலோன் ப்ரசாக்கின் குடும்பம் வீரத்தளபதி. ப்ரசாக்குகள் எல்லா நூற்றாண்டிலும் வாசலில் வீரமரணம் அடைவார்கள். அடுத்த நூற்றாண்டில் மறுபடியும் மேயராக இருப்பார்கள்.

துரோகி வேடம் கூர்போன் குடும்பத்துக்கு.

இன்றைய துரோகியின் பெயர் அனிசே கூர்போன். வயது ஐம்பத்து நான்கு. தொழில் இன்ஷூரன்ஸ். ஆக, அவரைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போவதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. துரோகிகள் ஐந்து நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர்கள் என்றாலும், ஐந்து நடிகர்களுக்கு ஆடை தைப்பது நகரசபைக்குக் கட்டுப்படியாகவில்லை. எனவே அனிசேயே ஐந்து துரோகிகளாகவும் வருவார். தொப்பி மட்டும் மாறும். ரோமானியனுக்குத் திறக்கையில் தோல் தொப்பி. இங்கிலீஷ்காரனுக்கு முக்காட்டுத் தொப்பி. மதச்சண்டைக்கு அகல விளிம்புத் தொப்பி. முதல் தரப்புக்கு விளிம்பு மேல்நோக்கி, மறு தரப்புக்குக் கீழ்நோக்கி. புரட்சிக்குச் சிவப்புக் குல்லா. இங்கிலீஷ்காரனின் மறுவருகைக்கு உயரமான கறுப்புத் தொப்பி.

அதற்குப் பிறகு இருபதாம் நூற்றாண்டு. அந்தக் கட்டம் வந்ததும் ஒலிபெருக்கியில் மதாம் வெர்ஷோவின் குரல் கேட்கும்: "நேரமின்மை காரணமாக, நாம் நேரடியாக விடுதலைக் காட்சிக்குச் செல்கிறோம்." ஐம்பது வருடங்களாக, ஜெர்மானியன் நுழைந்த அந்த ஒரு காட்சிக்கு மட்டும் நேரம் கிடைத்ததில்லை.

மதாம் யூலாலி வெர்ஷோ மருந்துக்கடை வைத்திருப்பவர். வரலாற்றுச் சங்கத்தின் தலைவி. நாடகத்தை எழுதியவரின் மகள். ஊரில் தலைவலி வந்தாலும் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும். இரண்டுக்கும் அவர் ஒரே மாத்திரையைத் தருவார். ஒருமுறை அனிசே அவரிடம் கேட்டார்:

"மதாம், அந்த இங்கிலீஷ் காலத்துத் துரோகி நெசமாவே கூர்போன்தானா?"

"பழைய கதையில பேரே இல்ல, முசியே கூர்போன். எங்க அப்பா நாடகம் எழுதினப்போ வேஷம் பிரிக்க ஒரு கூட்டம் போட்டாரு. உங்க தாத்தா லேட்டா வந்தாரு. நல்ல வேஷமெல்லாம் போயிடுச்சு. அப்புறம், துரோகிக்கு ஒரு பேரு வேணுமில்ல? 'கூர்போன்'னா ஒலிபெருக்கில நல்லா கேக்கும்."

"அப்போ எங்க பரம்பரையில யாரும் கதவைத் திறக்கல."

"அது எனக்கும் உங்களுக்கும் தெரியும். வரலாற்றுக்குத் தெரியாதே."

இப்படி, ஒரு கூட்டத்துக்குத் தாமதமாக வந்த ஒரே காரணத்தால் ஒரு குடும்பம் அறுநூறு வருடத் துரோகத்துக்கு வாரிசானது. எங்கள் ஊரில் இன்றுவரை யாரும் எந்தக் கூட்டத்துக்கும் தாமதமாக வருவதில்லை என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிட வேண்டும்.

அனிசே இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் அல்லர். வேடம் வேடம்தான் என்பார். வருடம் முழுக்க ஊரார் தங்கள் வீட்டையும் காரையும் வாத்துப் பண்ணையையும் பக்கத்து ஊர் ஏஜெண்டிடம் இன்ஷூரன்ஸ் செய்வார்கள். கேட்டால், "தப்பா நெனைக்காதீங்க, உங்களை நம்பாம இல்ல. ஆனா நீங்க கதவைத் திறந்துட்டீங்கன்னா?" என்று சிரிப்பார்கள். அனிசேயும் சிரிப்பார். சிரிப்பதற்குப் பிரீமியம் கிடையாது.

அந்த ஜூலையில் ஒரு நாள், மேயர் ஓதிலோன் ப்ரசாக் அனிசேயின் அலுவலகத்துக்குள் நுழைந்தார். கையில் அக்ரூட் கேக்கு. மேயர் கேக்கோடு வந்தால் யாருக்கோ ஏதோ நடக்கப்போகிறது என்று பொருள்.

"என்னப்பா அனிசே, வியாபாரம் எப்படி?"

"போன மாசம் ஒருத்தர் வந்தாரு, முசியே மேயர். வழி கேக்க."

"ஹூம்." மேயர் உட்கார்ந்தார். "நம்ம சந்தை மண்டபத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருப்ப."

கேள்விப்படாமல் என்ன? ஐந்நூறு வருடத்துக் கருவாலி மரத் தூண்கள் தாங்கும் எங்கள் சந்தை மண்டபத்தை ஒரு பெரிய அங்காடி நிறுவனத்துக்கு விற்பதென்று நகரசபை முடிவு செய்திருந்தது. மண்டபத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் இடம் போடுவார்கள். கார்களுக்குப் பின்னால் அங்காடி. தீர்மானம் நிறைவேறிய முறை ஜனநாயகத்துக்கே முன்மாதிரி. "எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் மேயர். எல்லாரும் குனிந்து தத்தம் காலணியைப் பார்த்தார்கள். 'ஏகமனதாக'.

காலணியில் அப்படி என்ன தெரிந்தது? தார்தினோவுக்கு அங்காடியில் கறி விற்கும் இடம் தெரிந்தது. மதாம் வெர்ஷோவுக்கு முகப்பூச்சு விற்க ஒரு முழு அலமாரி தெரிந்தது. மேயரின் மைத்துனருக்குத் தார் போடுவதற்கான மைதானம் தெரிந்தது. ஊரில் மீதிப் பேருக்கு மலிவு விலைத் துணிச்சோப்பு தெரிந்தது. அதே சமயம், சனிக்கிழமைச் சந்தையில் சந்தித்துக்கொள்ளும்போது எல்லாரும் தூணைத் தடவிக்கொடுத்து, "பாவிங்க, இதைப் போய் விக்கிறாங்களே" என்று கண் கலங்கினார்கள். மண்டபத்தை விற்பதில் ஊருக்கே சம்மதம். விற்றவர் யார் என்பதில்தான் ஒருவருக்கும் சம்மதம் இல்லை.

"அதுல ஒரு சின்ன சிக்கல்," என்றார் மேயர். "சாவியை அந்தக் கம்பெனி டைரக்டர்கிட்ட யாராவது குடுக்கணும். பத்திரிகைக்காரன் வருவான். போட்டோ எடுப்பான். அந்த போட்டோ ரொம்ப நாள் இருக்கும்."

"நீங்கதானே மேயர்."

"நான் எப்படிக் குடுக்கறது? நான் அதை எதிர்த்து உயிரை விடறவனில்ல?"

"எப்போ?"

"மனசுக்குள்ள." மேயர் கேக்கை ஒரு விரற்கடை அனிசேயின் பக்கம் நகர்த்தினார். "மதாம் வெர்ஷோ ஒரு யோசனை சொன்னாங்க. இந்த வருஷம் நம்ம நாடகத்துல துரோகிக்கு ஆறாவது காட்சி. 'இருபத்தோராம் நூற்றாண்டு'. டைரக்டர் கோட்டைவாசல் வழியா கார்ல வர்றாரு. நீ சாவியைக் குடுக்கற. ஜனங்க வழக்கம்போல 'ஊ'ன்னு கத்துவாங்க. பத்திரிகைக்காரனுக்குச் சந்தோஷம், ஊருக்குச் சந்தோஷம். ஒரு மரபு வளருது."

"எனக்கு?"

"உனக்குப் பாரம்பரியப் பாதுகாப்புக்குத் துணை மேயர்னு ஒரு பதவி. நகரசபையோட இன்ஷூரன்ஸ் மொத்தமும் உன்கிட்ட. பள்ளிக்கூட பஸ், மாதாகோயில் கூரை, எல்லாம். யோசிச்சுப் பாரு, அந்தக் கூரை எவ்வளவு ஒழுகுது."

அனிசே யோசித்தார். ஒழுகும் கூரைகள் ஓர் இன்ஷூரன்ஸ்காரரின் நெஞ்சைத் தொடாமல் இருக்க முடியுமா? கடைசியில் கேட்டார்:

"என்ன தொப்பி?"

"தொப்பியெல்லாம் எதுக்கு? நீ இருக்கற மாதிரியே வா. இந்த கோட்டே போதும்."

இரவு உணவின்போது அனிசே இதைத் தன் மகளிடம் சொன்னார். சோலின் ஊர்ப் பள்ளியில் டீச்சர். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் ஒன்று எழுந்து, "டீச்சர், உங்க தாத்தா ஏன் கதவைத் திறந்தாரு?" என்று கேட்கும். "அழகா தட்டினாங்க, அதனால," என்று அவள் பதில் சொல்லுவாள். வேறு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறாள்; பிள்ளைகளின் பெற்றோர் வந்துவிடுகிறார்கள்.

"கூரை இன்ஷூரன்ஸா?" என்றாள் சோலின். "அது ஒழுகறது மேயருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்க கம்பெனிக்கு மட்டும் தெரியாதா?"

"அதை விடு. வேஷம்தானே. இருபத்தாறு வருஷமா போடறேன்."

"அப்பா, இதுவரைக்கும் தொப்பியைக் கழட்டினா நீங்க அனிசே கூர்போன். ஆறாவது காட்சியில எதைக் கழட்டுவீங்க?"

அனிசே ரொட்டியால் தட்டைத் துடைத்தார். தட்டு ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

மறுநாள் வரலாற்றுச் சங்கத்தின் கூட்டம். எல்லாரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள். அனிசே எழுந்து, ஆறாவது காட்சியில் மட்டும் வேறு யாராவது நடிக்கலாமே என்று பணிவோடு கேட்டார். இரங்கல் தீர்மானத்துக்கு எழுவதுபோல ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"நான் எப்படி?" என்றார் தார்தினோ. "நான் இங்கிலீஷ்காரன். இங்கிலீஷ்காரன் வெளியிலேருந்து வர்றவன். உள்ளேருந்து சாவி குடுத்தா சரித்திரம் குழம்பிடும்."

"நான் பிணம்," என்றார் தபால்காரர், சுருக்கமாக.

"நான் ஒலிபெருக்கி," என்றார் மதாம் வெர்ஷோ. "முசியே கூர்போன், உங்க சங்கடம் புரியுது. ஆனா வரலாறுங்கிறது கூட்டு முயற்சி. எல்லாரும் சேர்ந்து செய்வாங்க, ஒருத்தர் பேர்ல எழுதுவாங்க. நீங்க செய்யலைன்னா எப்படி எழுதறது?"

"நடந்ததை எழுதலாமே, மதாம்."

மதாம் வெர்ஷோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். கூட்டம் முடிந்தது. அனிசே ஒப்புக்கொண்டதாகத் தீர்மானம் நிறைவேறியது. இம்முறையும் எல்லாரும் காலணியைப் பார்த்தார்கள், அனிசேயும் பார்த்தார். அவருடைய காலணியில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

இந்த இடத்தில் எங்கள் கோட்டைவாசலின் கட்டுமானச் சிறப்பைச் சொல்லியாக வேண்டும். இரட்டைக் கதவு. குறுக்கே ஒரு கணையமரம். முழுக் கருவாலி மரத்தை வெட்டிச் செதுக்கிய அந்தக் குறுக்குக் கட்டையைத் தூக்காமல் கதவு திறக்காது. அதைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும். அந்த எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மூச்சுப் பிடிக்க வேண்டும். நாடகத்தில் துரோகி தன்னந்தனியாக அட்டைச் சாவியோடு பதுங்கிப் பதுங்கி வந்து கதவில் சாவியைத் திருப்புவார். கதவில் சாவித்துவாரமே கிடையாது. திருப்புவதுபோலக் கையைச் சுழற்றினால் போதும். அப்போது கதவு திறக்கும். ஏனென்றால் பக்கத்தில், திராட்சைமதுப் பீப்பாய்கள் வரைந்த ஒரு படுதாவுக்குப் பின்னால், நகரசபை உறுப்பினர்கள் எட்டுப் பேர் கணையமரத்தைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் மேயர். தளபதி வேடத்தில், கவச உடையோடு, துரோகிக்காகக் கதவைத் திறந்துவிட்டு, பின்பக்கமாக ஓடிப் போய் மதிலேறி, திறந்த கதவைப் பார்த்து, "ஐயோ, துரோகம்!" என்று அலறி உயிர் துறப்பார்.

இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பார்த்தவர்தான் யாரும் இல்லை. தெரிவதற்கும் பார்ப்பதற்கும் நடுவே ஒரு படுதா போதும். எங்கள் படுதாவுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புது வர்ணம் பூசுவோம்.

இருபத்தாறு வருடங்களாக அந்தப் படுதாவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றும், அனிசே அதைப் பற்றி நினைத்ததில்லை. முனகல் கேட்கும், வியர்வை நெடி வரும், மேயர், "ஒண்ணு... ரெண்டு..." என்பார். அவருடைய வேலை கையைச் சுழற்றுவது. சுழற்றுவார். நாலாபக்கமும் 'ஊ' என்பார்கள். தொப்பியை மாற்றிக்கொள்ளப் போவார்.

ஆகஸ்ட் ஞாயிறு வந்தது. சதுக்கம் நிரம்பி வழிந்தது. பத்திரிகைக்காரர் வந்திருந்தார். சந்தை மண்டபத்தின் சாவி, அட்டைச் சாவியல்ல, அசல் இரும்புச் சாவி, அனிசேயின் கோட்டுப் பையில் கனத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டின் மேல்தான் ஐந்து நூற்றாண்டுகளின் அங்கிகளையும் அவர் மாட்டிக் கழற்ற வேண்டும். கடைசி அங்கியைக் கழற்றினால் கோட்டு. கோட்டுக்குள் அனிசே.

ரோமானியக் காட்சி சிறப்பாக நடந்தது. அந்தக் காலத்தில் கோட்டைவாசல் கிடையாது என்பதால் அனிசே தோல் தொப்பியோடு வந்து ஒரு வேலியை நகர்த்தினார். 'ஊ.' ரோமானியர்கள் நுழைந்து, ஒரு பாலம் கட்டுவதாக அறிவித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு இங்கிலீஷ்காரர்கள். அவர்கள் வாசலுக்கு வெளியே, ஆற்றங்கரையில் காத்திருந்தார்கள்: நாற்பது வீரர்கள், இரண்டு குதிரைகள், முன்னால் தார்தினோ. ஆறாம் காட்சியில் வரவேண்டிய அங்காடி நிறுவன டைரக்டர் முசியே தெல்வோவும் தமது கறுப்புக் காரில் அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்திருந்தார். ஊருக்குள் வரும் மற்ற தெருக்களை விழாவுக்காக அடைத்துவிட்டார்கள்.

முரசு அதிர்ந்தது. அனிசே முக்காட்டுத் தொப்பியோடு பதுங்கி வந்தார். சதுக்கம் ஒரே குரலில் 'ஊஊ' என்றது. அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. அது பாசம், குடும்பத்து நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பாசம். முன்வரிசையில் சோலின் தன் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளும் 'ஊ' என்றார்கள். அவள் மட்டும் வாயைத் திறக்காமல் அப்பாவின் கோட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிக்கு மேலேயும் அது புடைத்துத் தெரிந்தது.

அனிசே கதவை நோக்கி அட்டைச் சாவியை நீட்டினார். படுதாவுக்குப் பின்னால் மேயரின் குரல்:

"தூக்குங்கய்யா. சீக்கிரம். எனக்கு இன்னும் சாகற வேலை இருக்கு."

அனிசே கையைச் சுழற்றவில்லை. அட்டைச் சாவியைப் பார்த்தார். சாவித்துவாரம் இல்லாத கதவைப் பார்த்தார். பிறகு, யாரோ வீட்டில் மாட்டியிருக்கும் திரை கோணலாக இருந்தால் நேர்செய்வோமே, அந்தச் சாதாரணத்தோடு, படுதாவின் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

பீப்பாய்கள் சரிந்து விழுந்தன. பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். கைகளில் கணையமரம், மார்பு உயரத்துக்குத் தூக்கியபடி. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. நடுவில் வீரத்தளபதி, தலைக்கவசம் கண்ணை மறைக்க, மரத்துக்குத் தாடையால் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே போட முடியாது. போட்டால் பதினாறு பாதங்கள் போய்விடும். மேலே தூக்க முடியாது, ஊர் பார்க்கிறது.

சதுக்கம் வாயடைத்துப் போயிற்று. எட்டு நூற்றாண்டுகளில் இப்படி ஒரு நிசப்தத்தை அந்த வாசல் கேட்டதில்லை. முற்றுகைகளின்போதும் யாராவது இருமியிருப்பார்கள்.

அனிசேயின் காலரில் மைக் இருந்தது.

"சாவி திரும்பல," என்றார் அவர். "சாவியால திறக்கற கதவு இல்ல இது. தூக்குங்க, முசியே மேயர். நீங்க தூக்கினாதான் திறக்கும்."

மேயர் தூக்கவில்லை.

"தூக்குங்க. நான் இங்கதான் நிக்கறேன். ஊர்ல எல்லாரும் இருக்காங்க. பத்திரிகைக்காரரும் இருக்காரு."

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இம்முறை காலணியைப் பார்க்க வழியில்லை. நடுவில் கணையமரம் மறைத்தது. பிறகு, எங்கள் நகரசபையின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு சொல்லும் பேசாமல், ஏகமனதாக, மிக மெதுவாக, மரத்தைக் கொண்டிகளில் இறக்கி வைத்தார்கள். 'தொம்' என்றது. கதவு மூடியபடியே இருந்தது.

ஒலிபெருக்கியில் மதாம் வெர்ஷோ கையிலிருந்த தாளைப் படித்தார்: "இவ்வாறாக இங்கிலீஷ் படைகள் அலையலையாக..." நிறுத்தினார். "அலையலையாக... நுழைந்திருக்க வேண்டும்."

வெளியிலிருந்து கதவைத் தட்டும் சத்தம்.

"யாருய்யா உள்ள?" தார்தினோவின் குரல். "திறக்கப் போறீங்களா, இல்ல நான் கடைக்குப் போகட்டுமா? குதிரை ரெண்டும் டைரக்டர் கார் மேல சாணி போடுது."

"கொஞ்சம் பொறுங்க," என்றார் மேயர், உள்ளேயிருந்து.

"அறுநூறு வருஷமா பொறுத்தது பத்தாதா? எந்தப் பயலாவது திறங்கடா."

அந்த 'எந்தப் பயலாவது' என்பதில்தான் சிக்கல். மேயர் தபால்காரரைப் பார்த்தார். தபால்காரர் இன்னும் முறையாகச் செத்திருக்கவில்லை. ஆனாலும் சட்டென்று கீழே விழுந்து கண்ணை மூடிக்கொண்டார். நகரசபை உறுப்பினர் ஒருவருக்கு முதுகு பிடித்தது. இன்னொருவருக்குச் சூப்பு அடுப்பில் இருப்பது நினைவுக்கு வந்தது. சதுக்கத்தில் இருந்தவர்களிடம், "யாராவது நாலு பேர் கை குடுங்க" என்று மேயர் கேட்டபோது, 'ஊ' போடுவதற்கு ஆயிரம் வாய் இருந்த ஊரில் மரம் தூக்குவதற்கு ஒரு கை இல்லை. பத்திரிகைக்காரர் வேறு கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யார் திறந்தாலும் பேரைச் சொல்லிட்டுத் திறங்க, எழுத்துப்பிழை வந்துடக் கூடாது" என்றார்.

கோட்டுப் பையிலிருந்த இரும்புச் சாவியை அனிசே எடுத்து மேயரிடம் நீட்டினார்.

"இதையும் நீங்களே வெச்சுக்குங்க. கோட்டு கிழியுது."

மேயர் வாங்கவில்லை. அனிசே அதைக் கணையமரத்தின் மேல் வைத்தார். முக்காட்டுத் தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். அன்று மாலை முழுவதும் அந்தச் சாவியைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு மக்கள் நின்றார்கள், அது கடிக்கும் என்பதுபோல. வெளியே இங்கிலீஷ் படை கொஞ்ச நேரம் முற்றுகையிட்டது. பிறகு, சாப்பாட்டுக்கு முன் ஒரு வாய் மது குடிக்கும் வேளை வந்துவிட்டதால், பாலத்தடி மதுக்கடைக்குப் பின்வாங்கியது. டைரக்டர் தெல்வோ காரைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார். ஓப்ரிஞாக் தன் வரலாற்றில் முதன்முறையாக எதிரியிடம் வீழாமல் தப்பியது. அதை எப்படிக் கொண்டாடுவதென்று யாருக்கும் தெரியவில்லை. பழக்கமில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது சோலின் அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஊர்ல யாரும் நம்மகூடப் பேச மாட்டாங்க, அப்பா."

"இன்னைக்கு வரைக்கும் பேசினாங்களா என்ன?"

"'ஊ'ன்னாங்களே."

அங்காடி நிறுவனம் இரண்டு முறை நினைவூட்டியது. நகரசபை மூன்று முறை கூடி, 'கொள்கையளவில்' சம்மதித்தது. சாவியை யார் கொடுப்பது என்ற விஷயம் வரும்போதெல்லாம் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. கடைசியில் நிறுவனம் சலித்துப்போய்ப் பக்கத்து ஊரில் அங்காடியைக் கட்டியது. அந்த ஊர்க்காரர்களுக்கு வரலாறு கிடையாது. மேயரே சாவியைக் கொடுத்துவிட்டார். இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் துணிச்சோப்புக்காக வாராவாரம் அங்கே கார் ஓட்டிப் போகிறார்கள். திரும்பி வந்து, ஐந்நூறு வருடத்துத் தூண்களின் நிழலில் காரை நிறுத்திவிட்டு, பெட்ரோல் செலவுக்குக் காரணமானவன் யார் என்று பேசிக்கொள்கிறார்கள். அதில் எல்லாருக்கும் சம்மதம். ஏகமனதாக.

மறுவருடம் நாடகம் நடக்கவில்லை. துரோகி வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. துரோகி இல்லாமல் வீரத்தளபதிக்குச் சாக ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மதாம் வெர்ஷோ மருந்துக்கடைக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்: 'நேரமின்மை காரணமாக, வரலாறு இவ்வாண்டு நிறுத்தி வைக்கப்படுகிறது.'

அந்த ஆகஸ்டின் இரண்டாம் சனிக்கிழமை, அனிசே தன் வழக்கப்படி சந்தை மண்டபத்துக்குப் போனார். தார்தினோவின் மேசை முன் நின்று, கால் கிலோ பன்றித்தொடைக் கறி கேட்டார். தார்தினோ வெட்டினார். எடை போட்டார். தாளில் சுற்றினார். அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே இருந்த கருவாலி உத்தரத்தை வெறுப்போடு அண்ணாந்து பார்த்தார். பிறகு அனிசேயைப் பார்த்தார். அவர் குரலில் இம்முறை நடிப்பு இல்லை.

"உங்க பாட்டன் எவ்வளவோ தேவலாம், அனிசே. அவன் கதவையாவது திறந்தான்."